பெயரைப் பிரித்த மத்தியானம்

சிவப்பு நூலின் முடிச்சை மட்டும் ஊசி முனையால் நெம்பி எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சரசரவென்று கையோடு வந்துவிடும், முடிச்சுதான் பாடு; போன மாதம் தான் போட்ட முடிச்சே இன்றைக்குத் தன்னிடம் இப்படிச் சண்டித்தனம் பண்ணுகிறதே என்று ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது. மடியில் சின்னதுரை ரூபர்ட்டின் வெள்ளைச் சட்டை. காலடியில் பிரம்புக் கூடை நிறைய இன்னும் சட்டைகள், கம்பளிக் காலுறைகள், கைக்குட்டைகள், ராத்திரியில் போட்டுக்கொள்ளும் நீள அங்கிகள். எல்லாவற்றிலும் அவள் கைத்தையல். போன மாதம் முழுக்க ஊட்டிக் குளிரில் இதே ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலோ ஓரத்திலோ ஏழு எழுத்துத் தைத்தாள். கார்லியன் என்று படிக்க வேண்டுமாம். சீமைக்குப் போனதும் பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்தில் விடப் போகிறார்கள், அங்கேயே தூங்கி அங்கேயே எழுந்திருக்கிற பள்ளிக்கூடம், நூறு பிள்ளைகளின் துணி ஒரே தொட்டியில் ஊறும், பெயர் தைக்காவிட்டால் யார் சட்டை யாருக்கு என்று தெரியாது என்று பட்லர் மாசிலாமணி சொன்னார். சரி, தைத்தாயிற்று. இப்போது அந்த ஏழையும் பிரித்துவிட்டு வேறே எட்டு எழுத்துத் தைக்க வேண்டும். பெல்வர்த். சீமையிலிருந்து தந்தி வந்து எட்டு நாளாகிறது. துரையின் அப்பா, பெரிய பிரபு, தூக்கத்திலேயே போய்விட்டாராம். கிழவர் அங்கே கண்ணை மூடினதற்கும் இங்கே ஏழு வயசுப் பிள்ளையின் சட்டைக் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்கத்தான் ஆசை. துரைசானியிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கிற தைரியம் அவளுக்கு எந்தக் காலத்தில் இருந்தது? தலையை ஆட்டுவாள், சரிங்க என்பாள், அவ்வளவுதான். அதுதான் இன்றைக்கு வினை. மணி நாலு அடித்ததும் துரைசானி கூப்பிடுவாள். இந்தக் குடும்பம் பத்து நாளில் கப்பல் ஏறுகிறது. கைக்குழந்தை எட்மண்டைப் பார்த்துக்கொள்ள ஞானப்பூவும் கூட வருகிறாளா, இல்லையா, அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். வந்தால் போய்த் திரும்ப ஒரு வருஷம். அவளுடைய சாராளுக்கு இப்போது வயசு ஒன்றேகால். தலையை ஆட்டுவது மட்டும் ஆகாது என்று பட்லர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. உன் தலையாட்டலுக்கு அவங்களுக்கு அர்த்தம் தெரியாது ஆயா. நீ ஆட்டறது எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல."

முதல் எழுத்துப் பிறை மாதிரி. அது போயிற்று. இரண்டாவது கூரை மாதிரி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், சங்கீதம் வாசிப்பாள், இதெல்லாம் வெறும் உருவம்தான். துரைசானி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து நூலில் இழுக்கிறாள். வளையல் மாதிரி ஒன்று, மூலைக் கல் மாதிரி ஒன்று, காலை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி ஒன்று, இந்த மூன்றும் பழைய பெயரிலும் உண்டு, புதுப் பெயரிலும் உண்டு. இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், மூன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிரித்தால் போதுமே என்று காகிதத்தை வைத்து ஒத்துப் பார்த்தாள், ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இந்த வீட்டு ஜனங்களைப் போலவே. பட்லர் அன்றைக்குச் சமையலறை மேஜையில் மூன்று தேநீர்க் கோப்பையை வரிசையாக வைத்துக் காட்டினார். "இது செத்துப்போன கெழவர், இவருக்கு தோர்ன்மியர் பிரபுன்னு பேரு. இது நம்ம துரை, அப்பா உசுரோட இருந்தவரைக்கும் பெல்வர்த் பிரபு. இது ரூபர்ட் பாபா, வெறும் கார்லியன், அது குடும்பப் பேரு. இப்போ இன்னா ஆச்சு?" முதல் கோப்பையை எடுத்து அலமாரியில் கவிழ்த்தார். இரண்டாவதை முதல் இடத்துக்குத் தள்ளினார், மூன்றாவதை இரண்டாவது இடத்துக்குத் தள்ளினார். "ஆச்சா? நம்ம துரைதான் இனிமே தோர்ன்மியர். பாபாதான் பெல்வர்த். பேரு சாவாது ஆயா, ஆள்தான் மாறுவான்." அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டாள், "எட்மண்ட் பாபாவுக்குக் கோப்பை வைக்கலீங்களே?" அவர் ஒரு தட்டை எடுத்து ஓரமாகப் போட்டார். "அது கோப்பையே இல்ல. அது தட்டு. முன்னாடி இருக்கறது ஒடைஞ்சாத்தான் அதுக்கு வேலை." சமையல்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள், மேலே வந்து தொட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தட்டுத்தான் இப்போதும் இதோ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. இவனுக்கு ஆயுசுக்கும் கார்லியன்தான், அண்ணனுக்குத் தைத்த பழைய துணியில் சிலதைப் பிரிக்காமல் வை, இவனுக்கு ஆகும் என்று துரைசானியே சொல்லியிருக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைக்கு இரண்டு பெயர், இரண்டு வீடு, இரண்டு தலையெழுத்து. நம் பக்கத்திலே தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது உண்டு, சாராளுக்கே அவள் அப்பாவைப் பெற்றவள் பெயர்தான், ஆனால் வைத்தால் வைத்ததுதான், ஒருத்தர் செத்தார் என்று ஓடி வந்து உன் பெயரைக் கழற்று, இதைப் போட்டுக்கொள் என்று யாரும் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்தால் இப்போதும் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் ஒரு வழக்கம், பிள்ளைகள் நாள் முழுக்க மேலே, பெற்றவர்கள் நாள் முழுக்கக் கீழே. மணி ஐந்து அடித்தால் பிள்ளைகளுக்குத் தலை வாரி, முகம் துடைத்து, நல்ல துணி உடுத்திக் கீழே கூட்டிப்போக வேண்டும், ஆறு அடித்தால் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத் தகப்பன், ஒரு மணி நேரத் தாய். வந்த புதிதில் ஞானப்பூ நினைத்துக்கொண்டாள், யாருக்கோ உடம்பு சரியில்லை போல, அதனால்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று. அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் முறை. தந்தி வந்த மறுநாள் கறுப்பு உடுப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், துரைசானி தேநீர் ஊற்றிக்கொண்டே, "பெல்வர்த்" என்று கூப்பிட்டாள். பிள்ளையைத்தான் கூப்பிட்டாள், புதுப் பெயரைப் பழக்க வேண்டும் அல்லவா. துரை தலையைத் தூக்கி என்ன என்று கேட்டார். பிள்ளையோ அசையவே இல்லை, அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள் என்று ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவள் கட்டினவனை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு துரைக்கு உறைத்தது, முகம் சிவந்தது, பிள்ளையைப் பார்த்து "உன்னைத்தான்" என்பது போலக் கையைக் காட்டினார். பிள்ளை பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஞானப்பூ மட்டும் எட்மண்டின் தலைக்குல்லாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புருஷன் பெயரைப் பொண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அவள், எலியாசர் என்கிற பெயர் வேதபாடத்தில் வந்தால்கூட அந்த இடத்தை முணுமுணுத்துத் தாண்டிவிடுவாள். இந்த அம்மாளோ வாய்நிறையச் சொல்கிறாள், சொன்ன பெயர் புருஷனை விட்டுக் கழன்று மகனிடம் போய்விட்டது, இனி அவரை எப்படிக் கூப்பிடுவாள், மாமனார் பெயரைச் சொல்லியா? ராத்திரி இருட்டில், தூக்கக் கலக்கத்தில், எந்தப் பெயர் வாயில் வரும்? சே, என்ன நினைப்பு இது. ஊசி குத்திவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டாள். வெள்ளைத் துணியில் படவில்லை, நல்ல வேளை.

வெளியே பனி இறங்கிக் கற்பூர மரங்களின் நடுமரம் வரைக்கும் மறைத்துவிட்டது. தந்தி வருகிற வரைக்கும் தினம் காலையில் துரை அந்த மரங்களுக்கு நடுவில்தான் போய் நிற்பார். ஒரு கை இடுப்பில், ஒரு கை காற்றில். மரங்களைப் பார்த்துப் பேசுவார், திட்டுவார், கெஞ்சுவார், நடுவில் நிறுத்தி அவரே தலையை ஆட்டிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். முதலில் பார்த்தபோது பயந்துபோய்ப் பட்லரிடம் ஓடினாள். "அது பார்லிமெண்ட்டுப் பேச்சு ஆயா. அங்கே ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பற சபை ஒண்ணு இருக்குது, இவரு அதுல பெரிய புலி. இங்கே பஞ்சத்தைப் பத்தி விசாரிச்சு எழுதிக்கொடுக்க வந்திருக்காரு, போனதும் திரும்ப நின்னு ஜெயிச்சு மந்திரி ஆவறதா இருந்தாரு." இருந்தாரு. அப்பா செத்ததும் அதுவும் போயிற்றாம். அது எப்படிப் போகும், சொத்தெல்லாம் வந்து சேருகிற நேரத்தில்? பிரபு ஆனவன் அந்தச் சபையில் உட்காரக் கூடாதாம். பிரபுக்களுக்கு என்று வேறே சபை, ஓட்டு வேண்டாம், ஊர் ஊராகப் போய்க் கும்பிட வேண்டாம், செத்தால்தான் எழுந்து வர முடியும், பாதிப் பேர் அங்கே தூங்குவார்களாம். "அப்பன் செத்தா வீடு வரும், நெலம் வரும், நாக்கு போயிடும்" என்றார் பட்லர். முந்தாநாள் காலையில் துரை பழையபடி மரங்களுக்கு நடுவில் போய் நின்றதை இந்த ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். கையை இடுப்பில் வைத்தார். வாயைத் திறந்தார். மரங்களெல்லாம் காத்துக்கொண்டு நின்றன. அப்புறம் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. பஞ்சத்தைப் பற்றி அவர் அப்படி என்னதான் எழுதினார்? அடுக்கடுக்காகக் காகிதம். மக்கள் எதைத் தின்றார்கள் என்று பட்லரைக் கூப்பிட்டுக் கேட்டாராம், பட்லர் சென்னைப் பட்டணத்தில் பெரிய பங்களாவில் இருந்தவர், அவருக்கு என்ன தெரியும். மாடிப்படியில் விளக்கோடு நின்றவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கற்றாழைக் கிழங்கை ஏழு தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும், அப்படியும் நாக்கு தடிக்கும் என்று. சொல்லியிருப்பாளா? தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

கூரை எழுத்தும் போயிற்று, கவை மாதிரி இருந்ததும் போயிற்று. பிரித்த பிறகும் துணியில் ஊசிக்கண் தெரிகிறது, வெளிச்சத்தில் பிடித்தால் பழைய பெயர் ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. நகத்தால் தேய்த்தாள். நனைத்தால் மூடிக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு ரூபர்ட் பாபா வந்து கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான். வேலைக்காரர்களோடு பேசிப் பேசிப் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும், அப்பா அம்மாவுக்கு முன்னால் மட்டும் வராது. "ஆயா, நீ ஏன் என்னைப் பிரிக்கறே?" என்று கேட்டான். "உங்களை இல்லீங்க பாபா, நூலைத்தான்." "கார்லியன் எங்கே போவான்?" அவள் தொட்டிலைக் காட்டினாள். அவன் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பெருமூச்சு விட்டான், பெரிய மனுஷன் மாதிரி. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பேரை ஈரம் பண்ணிடுவான்." பிறகு கூடைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து, பெயர் இருக்கிற மூலையைத் தடவிப் பார்த்து, சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். "இதைப் பிரிக்காதே. அம்மாகிட்ட சொல்லாதே." சொல்லவில்லை. கேட்டால் துவைக்கப் போட்டதில் தொலைந்தது என்றுவிடலாம். கேட்க மாட்டாள், எண்ணிப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை. கப்பலில் போனால் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போகலாம், எப்படி இருக்கும் அது, நூறு பிள்ளைகள், ஒருத்தருக்கும் தாய் கிடையாது. போகலாம். இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கூச்சக்காரி, கடலைக் கண்டு பயப்படுகிறாள் என்று. கடலா? கடலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றா இரண்டா. அங்கே கோடை காலத்தில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்குமாமே, அப்போது கோழி எப்போது அடையும்? தெருவை யார் கூட்டுவார்கள், வெள்ளைக்காரனா? அவனை வெள்ளைக்காரனே அதட்டுவானா? செத்த பிரபுவின் பொண்டாட்டி, இந்தத் துரைசானியின் மாமியார், பெரிய வீட்டை மருமகளுக்குக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்து மூலையில் சின்ன வீட்டுக்குப் போகிறாளாமே, போகும்போது சாவியை யார் கையில் கொடுப்பாள், என்ன சொல்லிக் கொடுப்பாள், அழுவாளா, அடுப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாளா? அடுப்படி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது என்பார் பட்லர். புருஷன் எலியாசரும் பர்லியாற்றில் மலைப்பாதை வேலையிலிருந்து ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டான், "நம்ம சனத்துல எவளாவது கப்பலேறுனாளா? போய்ட்டு வா. வந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லு." அவனுக்கும் இதே நோய்தான். ஒரு வருஷம். ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம். சாராள் லேயாள் அண்ணியிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். எட்மண்ட் பிறந்து துரைசானி ஜுரத்தில் கிடந்தபோது குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு கைப்பிள்ளைக்காரியைத் தேடினார்கள், பாதிரியார் ஞானப்பூவை அனுப்பிவைத்தார், அன்றைக்கே ஐந்து மாதச் சாராளைக் காந்தலில் நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வந்தவள்தானே. பத்து மாதம் ஓடவில்லையா. இதோ இருக்கிற காந்தல், நடந்தால் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறாள். ஒரு வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? வேண்டாம், எண்ண வேண்டாம்.

புதுச் சிவப்பு நூலைக் கோத்துக் கொடிக்கம்பம் மாதிரி இருக்கிற முதல் எழுத்தைப் பிடித்தாள். பிறகு பல் உடைந்த சீப்பு. காலையில் துரைசானி இங்கே வந்து, வழக்கத்துக்கு விரோதமாக, பத்து மணிக்கு, அவளே படியேறி வந்து, தைத்து முடித்த முதல் சட்டையை எடுத்துப் பார்த்தாள். எழுந்து நின்ற ஞானப்பூவை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். கறுப்பு உடுப்பில் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கழுத்துப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே, அவளுக்குத் தெரிந்த உடைசல் தமிழில் சொன்னாள், "இந்தப் பேர் நான் கல்யாணம் பண்ணேன். பத்தொம்பது வயசு. சர்ச்சில இந்தப் பேர் சொன்னேன். இப்போ குழந்தை சட்டையில இருக்கு." சிரித்தாள். சிரிப்பு இல்லை அது. இன்னும் வராத ஒரு மருமகள், எங்கேயோ இப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிற ஒரு பெண் குழந்தை, ஒரு நாள் வந்து அந்தப் பெயரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஞானப்பூவுக்கு அப்போது ஒன்று கேட்க வேண்டும்போல் இருந்தது, வாய்வரைக்கும் வந்தது, பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருப்பீங்க என்று. கேட்கவில்லை. கேட்காமலே அவள் பதில் சொன்னாள், அதுதான் ஆச்சரியம், பெண்ணுக்குப் பெண் கேட்டுவிடும் போல. "உனக்கு ஒரு வருஷம் ஆயா. எனக்குப் பத்து வருஷம். பள்ளிக்கூடம், பெரிய பள்ளிக்கூடம், அப்புறம் காலேஜ். என் அண்ணா, என் தம்பி, எல்லாம் அப்படி. முதல் மாசம் கஷ்டம். அப்புறம் பழகிடும்." சட்டையை மடித்தாள், மடிப்பு சரியாக வரவில்லை, திரும்ப மடித்தாள், திரும்பவும் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பழகிடும். யாருக்கு? அம்மாவுக்கா, பிள்ளைக்கா? அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் என்றால் நல்லது. ஒருத்தருக்குப் பழகி ஒருத்தருக்குப் பழகாவிட்டால்? மூலைக் கல் எழுத்தை இழுத்துக் கட்டினாள். இத்தனை மாதமாக இந்த வீட்டில் அவள் எதை எதையோ துருவித் துருவிப் பார்த்ததெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்விக்குத்தான் போல, எப்படி முடிகிறது இவர்களால், எந்த இடத்தில் கயிற்றை அறுக்கிறார்கள், வலிக்காமல் அறுக்க ஏதாவது வித்தை வைத்திருக்கிறார்களா என்று. வித்தை ஒன்றும் இல்லை. மாடிக்கும் கீழுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு மணி. அதிலே ஆரம்பித்தால் போதும். பிறகு கடல் வந்தாலும் பழகிடும்.

ஞானப்பூவுக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

ஏறி இறங்குகிற மலைப்பாதை மாதிரி நான்காவது எழுத்து, இதுதான் தகராறு, கோடு கோணும். இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து காந்தலுக்குப் போனபோது லேயாள் அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள், சாராள் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யார்றி அது, பாரு, யார் வந்திருக்கா?" என்று அண்ணி திரும்பிச் சொன்னாள். குழந்தை பார்த்தது. அண்ணியைப் பார்த்தது. திரும்ப இவளைப் பார்த்தது. பிறகு வந்தது, ஓடித்தான் வந்தது, கழுத்தைக் கட்டிக்கொண்டது, எல்லாம் சரிதான். ஆனால் அந்த நடுவில் இரண்டு மூச்சு நேரம். அண்ணியைப் பார்த்தது எதற்கு? போகட்டுமா என்று கேட்கவா? இந்த இரண்டு மூச்சைத்தான் மூன்று நாளாக எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைகிறாள். அண்ணி மேல் தப்பில்லை. பிள்ளை இல்லாதவள், உயிரையே வைத்திருக்கிறாள். குறும்பாகச் சிரித்துக்கொண்டு விரலை நீட்டிக் காட்டினாள், "கடவாப்பல்லு வந்துருச்சு கண்ணு உம்மகளுக்கு. இங்க பாரு, கஞ்சி ஊட்டறப்ப நறுக்குன்னு கடிச்சு வெச்சுட்டா. போக்கிரி." விரலில் சிவப்பாக ஒரு தடம். ஞானப்பூவும் சிரித்தாள். அப்படியா என்றாள். இருட்டுவதற்குள் பங்களாவுக்குத் திரும்ப வேண்டும், கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிட்டு, ஏதேதோ பேசிவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்த விரல்தான். வளையல் எழுத்து, ஐந்தாவது, இது சுலபம், ஊசி தானாகச் சுற்றி வந்துவிடும். எந்தப் பக்கத்துப் பல்? கை நின்றுவிட்டது. இடது பக்கமா, வலது பக்கமா? மேலேயா, கீழேயா? கேட்கவில்லையே. வாயைத் திறந்து பார்க்கவும் இல்லையே. தோர்ன்மியர் யார், பெல்வர்த் யார், கார்லியன் இனிமேல் யார், சீமையில் எந்தக் கிழவி எந்த வீட்டுக்குக் குடிபோகிறாள், எந்தச் சபையில் யார் உட்காரலாம், எட்டு நாளில் எல்லாம் மனப்பாடம். பெற்ற பிள்ளையின் பல் எந்தப் பக்கம் என்று தெரியாது. துருவிப் பார்க்கிற கண்ணை எல்லாம் இங்கே செலவழித்துவிட்டு அங்கே வெறுங்கண்ணோடு போய் வந்திருக்கிறாள். பழகிடும் என்று அந்த அம்மாள் எதைச் சொன்னாளோ, அது கப்பல் ஏறின பிறகு ஆரம்பிக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். பாதி ஆகிவிட்டது. அந்த இரண்டு மூச்சில் பிள்ளை பழகிக்கொண்டது, அப்படியா என்று சிரித்துவிட்டு வந்ததில் தானும் பழகிக்கொண்டாள். கடலே, நீ இருந்துவிட்டுப் போ, உன்னைப் பற்றி யாராவது வந்து சொல்வார்கள், கேட்டுக்கொள்ளலாம். இதை யாரும் சொல்லிக் கேட்கக் கூடாது, இதை விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். அண்ணியின் விரலில் இருந்த கடி தனக்கு விழுந்திருக்க வேண்டியது. அதன் மேல் வந்த பொறாமையைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு நடுவில் ஒரு தெம்பும் வந்தது. தலையை ஆட்டப் போவதில்லை. தரையைப் பார்க்காமல், அந்தச் சுண்ணாம்பு முகத்தை நேராகப் பார்த்து, வரலீங்கம்மா என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், கேட்கத்தான் கேட்பாள், இந்த வலது கை விரலை நீட்டி, அம்மா, பாருங்க, இதுல ஒரு பல்லுத் தடம்கூட இல்லீங்க, எம்புள்ளை எந்தப் பக்கம் கடிப்பான்னு நானே போய்த் தெரிஞ்சுக்கணும், நீங்களும் இன்னைக்கே, அஞ்சு மணிக்கு முன்னாடியே, ரூபர்ட் பாபாவைக் கூப்பிட்டு ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லி

"ஆயா! நாலு அடிச்சாச்சு, துரைசானி கூப்பிடறாங்க, எறங்கி வா!"